உமாராணி பத்திரிகையும் ஒரு விலா எலும்பும்

அன்பு மகள் ரம்யாவுக்கு அப்பா எழுதுவது. முருகன் அருளால் இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர. அந்த இத்தாலிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே பிடுங்கிக்கொள்வாள், அதனால் எழுதுகிறேன்.

உன் சித்தி முருகேஸ்வரி மகள் உமாராணிக்குத் தை இருபதில் கல்யாணம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, பத்திரிகை அடிக்கிற அண்ணாச்சி, பெண்ணின் தகப்பனார் சுடலைக்கண்ணன் பெயருக்கு முன்னால் திரு போடவா, அமரர் போடவா என்று கேட்டுவிட்டார். உன் சித்தப்பா வெங்காயத் தோணியோடு மாலத்தீவுக்குப் புறப்பட்டு எட்டு வருஷம், தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. திரு போட்டால் மணமேடையில் ஆள் எங்கே என்பார்கள், அமரர் போட்டால் என்றைக்கு என்பார்கள். மூன்று முறை கூடிப் பேசி, மூன்று முறையும் காபி குடித்ததுதான் மிச்சம். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் இரண்டையும் போட்டுவிடலாம் என்றார்.

இந்த நேரம் பார்த்துத் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு விலா எலும்பு கரை ஒதுங்கியது. சொந்தக்காரர்கள் அதை வேட்டியில் சுற்றி நேரே நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போலீசில் கொடுங்கள் என்றேன். போலீசு வேலை, லேபு வேலை ரெண்டையும் உங்க பிள்ளை ஒருத்தியே பாக்குதாள்லா, நீங்களே சொல்லுங்க என்றார்கள். அங்கே கடலில் செத்து ஒதுங்குகிறவர்களின் எலும்பைச் சோதித்து நீ பெயர் கண்டுபிடிப்பதை ஊரெல்லாம் பீற்றியது நான்தானே. உன்னைக் கேட்டிருக்கலாமே என்பாய், கேட்டால் என் மரியாதை என்ன ஆவது. தையல் டேப்பால் அளந்தேன், சட்டையைக் கழற்றி என் விலாவோடு வைத்துப் பார்த்தேன், அம்மா என் விலாவை எண்ணினாள், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண்ணிக்கை வந்தது. கடைசியில் ஆண், வயது நாற்பத்தைந்து, பிடிவாதக்காரர் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் தலையாட்டி, அப்படியானால் அமரர்தான் என்று எழுந்துவிட்டார்கள். முருகேஸ்வரி எலும்பைச் சித்தப்பாவின் சட்டையில் சுற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் மீன் கொண்டுவந்த எஸ்றாவிடம் போனில் இருந்த எலும்புப் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். என்ன அண்ணாச்சி, மனுச விலா இம்புட்டுத் தடியாவா இருக்கும், இது கடல்பசுல்லா என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். செத்தவர்களின் வீட்டாரிடம் சேதி சொல்ல நீ அங்கே என்ன பாடுபடுகிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது மகளே, இனி உன்னிடம் எப்போது வீட்டுக்கு வருவாய் என்று நச்சரிக்க மாட்டேன். கடைசியில், முருகேஸ்வரி, அது மாடு என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள், எட்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, சிரித்தபடியே அழுதாள். அவள் பாரத்தை இறக்குகிறோம் என்று நாங்கள் ஓடினோமே தவிர, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தான், திருன்னே போடச் சொல்லுங்க, பிள்ளை கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் அவரு இருக்கட்டும், அதுக்கப்புறம் ரம்யாவத் தேடச் சொல்லுங்க என்றாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, நீ நல்லா இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். நம்மூர் மக்ரூன் மிட்டாய் டப்பாவோடு ஒரு சின்ன உறை வரும். வேரோடு இருக்கும் முடிதான் டி.என்.ஏ. சோதனைக்கு ஆகும் என்று நீ எப்போதோ சொன்னதைச் சித்தி நினைவில் வைத்திருந்திருக்கிறாள். உமாராணி தலையிலிருந்து நாலு முடி பிடுங்கி, உறையில் போட்டு ஒட்டி, மேலே தை இருபத்தொன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்கு முன்னால் பிரித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா வேல்ராஜ்,
மில்லர்புரம், தூத்துக்குடி.