ஜன்னலில் உன் கம்பளி

அன்புள்ள அண்ணே,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷமும் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் "நெஞ்சுச் சளி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். காசநோய் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கே ஒட்டியது என்று அடுத்த கேள்வி வரும். பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

இன்றைக்கு ஆரம்பித்துவிட்டேன். காரணம் இதுதான்: மதினி இப்போது நீ நின்ற இடத்தில் நிற்கிறார்.

நீ போன பிறகு உனக்கு ஈடாக அவருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வேலை கொடுத்தார்களே, அப்போது தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் அதைப் பெரிய தர்மமாகப் பேசினார்கள். வார்டில் கூட்டித் துடைக்கும் வேலை. சரி என்று நானும் இருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரை இருட்டறைக்கு மாற்றிவிட்டார்கள். தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமாம். உன்னையும் அதற்காகத்தானே அங்கே போட்டார்கள்?

இதைப் பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்காக அந்த அறையைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. பதுளையிலிருந்து பஸ் ஏறினால் வரும், அது போதும். தொண்டைக்குள்ளும் மூச்சுக் குழாய்க்குள்ளும் ஓர் இரும்புக் குழாயை இறக்கி, டாக்டர் உள்ளே பார்க்கிற அறை அது. குழாயின் முனையில் மிளகளவு பல்ப். அந்த வெளிச்சம் போதாது என்பதால் அறையை இருட்டாக்குவார்கள். நோயாளி மல்லாந்து கிடப்பார், தலை மேசைக்கு வெளியே தொங்கும். அந்தத் தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அசையாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பதினோரு வருஷம் அந்த ஆள் நீ. தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தாலும் குழாய் இறங்கும்போது இருமல் வரும். அந்த இருமல் முழுவதும் உன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

வருகிறவர்களுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கத்தானே குழாய் விடுகிறார்கள்? அப்படியானால் முடிவு தெரியும்வரை எல்லோருக்கும் காசம் இருக்கலாம் என்று நினைத்துத்தானே நடக்க வேண்டும்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் அரை மணி நேரத்தில் புரியவைப்பேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. இறந்துபோனவன் என்று விட்டுவிடப் போவதில்லை. அந்த ஜன்னல் திரை நைந்துபோய், வெயில் அடித்த நாளில் டாக்டர் சத்தம் போட்டார். மறுநாள் நீ என்ன செய்தாய்? மழைக்குப் போர்த்துகிற உன் கறுப்புக் கம்பளியைக் கொண்டுபோய் ஜன்னலில் ஆணியடித்தாய். அன்றைக்குச் சாயங்காலம் வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"டேய், ஒரு பொட்டு வெளிச்சம் வரல. டாக்டரு என்னையக் கூப்பிட்டு முதுகுல தட்டுனாரு."

"காத்து?" என்றேன்.

"காத்து எதுக்குடா? நாங்க என்ன பட்டமா விடுறோம்?"

மதினி சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

முகத்துணி விஷயமும் அப்படியே. டாக்டருக்கும் நர்ஸுக்கும் வெளுத்த துணி. உனக்கு முந்தின நாள் துணி. அதையாவது ஒழுங்காகக் கட்டியிருந்தாயா? டாக்டருக்கும் நர்ஸுக்கும் சிங்களமும் இங்கிலீஷும்தான். மேசையில் கிடப்பது பூனாகலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண். இருட்டில் வாய்க்குள் இரும்பு இறங்குகிறது. அவள் திமிறினால் குழாய் குத்திவிடும். துணிக்குள்ளிருந்து நீ பேசுவது அவளுக்குப் புரியவில்லை. ஆகவே நீ துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு, குனிந்து, காதோடு பேசினாய்: "மூக்கால மூச்சு விடுங்கம்மா. பயப்படாதீங்க. இந்தா முடிஞ்சிரும்." பதினோரு வருஷம், ஒவ்வொருவரிடமும். உன் குரலைக் கேட்டு எத்தனை பேர் அசையாமல் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு நன்றி சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

நீ இருமத் தொடங்கியபோது பனி என்றாய். பிறகு சுருட்டு என்றாய். வேலை செய்கிற ஆட்களுக்கு வருஷம் ஒரு தடவை நெஞ்சுப் படம் எடுத்திருந்தால் உன் பனியும் சுருட்டும் அப்போதே பொய்யாகியிருக்கும். பக்கத்து அறையில்தான் எக்ஸ்ரே மெஷின் இருந்தது.

நான் ஒரு கடிதம் எழுதினேன், நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரிப் பெரியவருக்கு, இங்கிலீஷில், நாலு பக்கம். அதை இப்போது நினைத்தால் என் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. முதல் பக்கம் முழுக்க நான் யார், எங்கே படித்தேன் என்று. இரண்டாம் பக்கத்தில், உன்னைப் பார்க்க வந்த என்னை வாட்ச்சர் வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்தியது. மூன்றாம் பக்கத்தில் தோட்டத்து ஆட்கள் என்றால் இவர்களுக்கு இளக்காரம் என்று. ஜன்னல் நாலாம் பக்கத்தில் வந்தது. கடைசியில் பட்டங்களோடு என் கையெழுத்து, மூன்று வரி.

பெரியவர் உன்னைக் கூப்பிட்டு, "உன் தம்பி பெரிய படிப்பாமே? இங்கே வந்து எங்களுக்குச் சொல்லித் தரச் சொல்" என்றாராம். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். நாலாம் பக்கத்தை அவர் திருப்பினாரா என்பதே சந்தேகம். வீட்டுக்கு வந்து நீ கேட்டாய்: "எனக்காக எழுதுனியா, ஒனக்காக எழுதுனியா?"

கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் லயத்துப் பக்கம் வரவில்லை. திரும்பி வந்தபோது நீ எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பார்க்கப் போனேன். அந்த வேலையை விட்டுவிடச் சொன்னேன்.

"விட்டுட்டு? நீங்க பள்ளிக்கூடத்துல என்னைய டீச்சராப் போடுவீங்களா?" என்றார். பிறகு சொன்னார்: "தம்பி, அந்த ஜன்னல்ல கெடக்கிறது அவரு கம்பளிதான். ஓரத்துல நான் தச்ச சிவப்பு நூலு அப்படியே இருக்கு."

உன் கம்பளி இன்னும் அங்கேதான் இருக்கிறது அண்ணே. அதற்குக் கீழே நின்றுதான் அவர் தலை பிடிக்கிறார்.

ஆனால் மதினி உன்னைப் போல இல்லை. ஆணியைப் பிடுங்கிவிட்டு, கம்பளியைக் கயிற்றில் மாட்டியிருக்கிறார். ஒரு நோயாளி வெளியே போனதும் கம்பளியைக் கழற்றி, ஜன்னலை விரியத் திறந்து, வெளியே நீட்டி உதறுகிறார். நர்ஸ் கேட்டால், "தூசிங்க மிஸ்ஸி. டாக்டரு மூக்குல ஏறிரும்." உதறி, மடித்து, மறுபடி உதறி, அடுத்த ஆள் வரும்வரை ஜன்னல் திறந்தே கிடக்கும். நோயாளியிடம் சொல்ல வேண்டியதையும் முன்கூட்டியே வராந்தாவில் உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறார்: குழாய் எப்படி இறங்கும், தோளைத் தட்டினால் மூக்கால் மூச்சு விட வேண்டும் என்று. உள்ளே துணியைக் கழற்றுவதே இல்லை. இரண்டு வகுப்பு படித்தவர். நாலு பக்கம் எழுதிய எனக்கு இது தோன்றவில்லை.

ஆனால் ஒருத்தியின் தந்திரத்தில் எத்தனை நாள் ஓடும்? நர்ஸ் மாறினால் ஜன்னலும் மூடிவிடும். ஆகவே இது பத்திரிகைக்குப் போகிறது. கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தலை பிடிக்கிறவருக்கும் அன்றன்றைக்கு வெளுத்த துணி கொடுங்கள். முடிந்தவரை குழாய் விடுமுன் சளியைச் சோதியுங்கள். அந்த அறையில் நிற்கிற எல்லோருக்கும் வருஷம் ஒரு நெஞ்சுப் படம் எடுங்கள். மதினிக்கு முதலில்.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கம்பளி உதறுவதை எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும். தூசி ஒதறுறது குத்தமா?" என்றார். பிறகு, கீழே நான் பட்டங்களோடு போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். என் பேர் என்றேன்.

"அத எடுத்துருங்க தம்பி. பேரு இருந்தா ஒங்களப் பத்தித்தான் பேசுவாங்க. இந்தாளு எப்பவும் சண்டைக்காரன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. பேரு இல்லன்னா பேசறதுக்கு ஜன்னலு மட்டுந்தான் இருக்கும்."

இரண்டு நாள் அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதிபர் பதவி கிடைக்காதபோதும், வாட்ச்சர் வாசலில் நிறுத்தியபோதும் நான் பிடித்துக்கொண்டது அந்தப் பேரைத்தான். இன்று காலை அந்த மூன்று வரியையும் கத்தரித்து அடுப்பில் போட்டேன். உன் கேள்விக்குப் பதில், அண்ணே: அந்தக் கடிதம் எனக்காக எழுதியது.

இது அப்படியல்ல. அவர்களாகவே ஜன்னலைத் திறந்து வைக்கும்வரை மாதம் ஒன்று எழுதுவேன், ஒன்றிலும் பேர் இருக்காது. திறந்த அன்றைக்குக் கம்பளியை மதினியிடம் வாங்கி வந்து துவைத்து வெயிலில் போடுவேன். இப்போது பதுளைத் தபால் கந்தோருக்குப் போகிறேன். இப்படியே போடுகிறேன்.

உன் தம்பி