பென்சிலைக் கீழே வை

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது, ஐம்பது வயதில் கல்லூரிக்கு ஆசைப்பட்டதே தப்பு, சனிக்கிழமை பெட்டியோடு வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். அவர் "வா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

நீ படம் எடுத்து அனுப்பிய வரலாற்றுக் குறிப்புகளைப் பார்த்தேன். வகுப்பில் சுருக்கெழுத்தில் எடுத்து, விடுதிக்கு வந்து அழகாக விரித்து எழுதியிருக்கிறாய். ஒரு வார்த்தைகூட விடவில்லையே, அப்படியும் ஏன் தலையில் நிற்கவில்லை என்று கேட்டிருந்தாய். உண்மைதான், எதையும் விடவில்லை. பேராசிரியர் நடுவில் ஜன்னலைச் சாத்தச் சொன்னதுகூட இருக்கிறது. சிரித்துவிட்டேன். பிறகு உன் பழைய அலுவலகம் நினைவுக்கு வந்தது.

பள்ளி விட்டதும் அங்கே வந்து உன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மேலாளர் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல உன் பென்சில் ஓடும். எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். அவர் என்ன சொன்னார் என்று ஒருநாள் கேட்டேன். யாருக்குத் தெரியும், தட்டச்சு செய்யும்போதுதான் பார்க்கணும் என்றாய். அதற்குள் ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னாய்.

அம்மா, வகுப்பிலும் உன் கை அதையேதான் செய்கிறது. காதில் விழுவது நேராகக் கைக்குப் போய்விடுகிறது, வழியில் உன்னிடம் நிற்பதில்லை. அதற்கு வயதைத் திட்டாதே.

பென்சிலைக் கீழே வை. ஒரு விஷயத்தைப் பேராசிரியர் சொல்லி முடிக்கும்வரை கேள். பிறகு உன் பேச்சில், சாதாரண எழுத்தில், இரண்டு வரி எழுது. பக்கத்தின் ஓரத்தில் நிறைய இடம் விடு. சாயங்காலம் அங்கே கேள்விகளை மட்டும் எழுதி, மறுநாள் குறிப்பை மறைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார். எங்கே திணறுகிறாயோ அதைப் படி. தெரிந்ததையே திரும்பப் படிப்பது சுகமாகத்தான் இருக்கும், நானும் அதில் நிறைய ஏமாந்திருக்கிறேன்.

இதைப் புதிதாக எங்கிருந்தோ கற்றுவந்து சொல்வதாக நினைக்காதே. என் பள்ளி நாட்களில், துணி மடிக்கும்போது நீ என் புத்தகத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பாடத்தைச் சொல்லச் சொல்வாய். ரத்த ஓட்டத்தைச் சொன்ன அன்று, நுரையீரலுக்கு எதுக்குப் போகணும், நேரா உடம்புக்குப் போனா ஆகாதா என்று கேட்டாய். உனக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இப்படி ஒரு மக்கு அம்மா என்று அன்று சலித்துக்கொண்டேன். இப்போது யாராவது எதிரில் உட்கார்ந்து அப்படிக் கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது.

உன் விடுதி அறையில் இருக்கும் பெண், அக்கா அக்கா என்று கூப்பிட்டே உன் சோப்பைக் கரைக்கிறாளே, அவளிடம் தினமும் பாடத்தைச் சொல். சோப்புக்குப் பதிலாக உட்கார்ந்து கேட்கட்டும்.

நேற்று அப்பாவிடம், அம்மா வரட்டுமா வேண்டாமா என்று நேராகவே கேட்டேன். துடைத்த தட்டை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"அவ வந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கும். அதுக்காக வரச் சொல்லிட்டேன் பாரு. நீ எழுது."

எழுதிவிட்டேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிடு அம்மா. சனிக்கிழமை நீ வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குறிப்புகளை மூடி வைத்துவிட்டுப் போன் செய். நான் துணி மடித்துக்கொண்டே கேட்கிறேன். புரியவில்லை, திருப்பிச் சொல் என்பேன். பாதி நேரம் உன் குரலைக் கேட்பதற்காகவும் இருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

நன்றாகப் படி.

உன் மகள்