நடுத்தாள் இல்லாத நாலு நாள் பேப்பர்

பிரியமுள்ள ஸ்டெல்லா அண்ணிக்கு,

காரைக்குடியில் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் இரண்டாயிரம் பிறக்கிறது என்று ஊரே அந்தப் பேச்சாக இருக்கிறது. நீங்கள் காமாலையில் கண்ணை மூடி நேற்றோடு முப்பது நாள். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடந்தபோது அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏழு வருடத்துக்கு முன்பு, குன்றக்குடி சாலையில் இருக்கும் அந்தக் கான்வென்ட் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை காலியானது. ஒரே ஓர் இடம். நம் வீட்டிலிருந்தே மகளும் மருமகளும் விண்ணப்பித்தோம். எழுத்துத் தேர்வில் கடினமான வார்த்தைகள் நிறைய வரும், தினமும் ஆங்கிலப் பேப்பர் படியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"இந்த ஒரு தடவை எழுதிப் பாரு. கெடைக்கலன்னா அதோட வேலைப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று அண்ணன் உங்களிடம் கறாராகச் சொல்லியிருந்தார். வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு ஒரே பேப்பர். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் முதலில் அப்பா அதைக் கரைத்துக் குடிப்பார். அடுத்து அண்ணனுக்கு விளையாட்டுப் பக்கம். பிறகு, மகள் என்ற உரிமையில் நான். அடுப்படி வேலையெல்லாம் ஒழித்துவிட்டு நீங்கள் உட்காரும்போது மணி மூன்றாகிவிடும். மருமகள் கடைசியில் படிப்பது எங்கள் யாருக்குமே தப்பாகத் தெரியவில்லை.

நான் அகராதியை நெட்டுருப் போட்டேன். நீங்கள் அதைத் தொடவே மாட்டீர்கள். தெரியாத வார்த்தை வந்தால் முன்வரியையும் பின்வரியையும் இரண்டு தடவை வாசித்துவிட்டு அர்த்தத்தைச் சொல்லிவிடுவீர்கள். நான் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அன்றைக்குப் படித்ததை அன்றைக்கே பேச்சில் போட்டுவிட வேண்டும் என்று நமக்குள் ஓர் ஒப்பந்தம். "லூர்து, ரசத்துல உப்பு நெக்லிஜிபிள், இருக்கான்னே தெரியல" என்பீர்கள். "மாமா ரொம்ப இன்ட்ரான்சிஜென்ட், பிடிச்ச பிடிய விட மாட்டாக. காப்பி ஆறிப்போனாத் தொட மாட்டாக" என்று காதருகே சொல்லுவீர்கள். நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே வயிறெரிவேன். நீங்கள்தான் ஜெயிப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தேர்வுக்கு முந்திய வாரம் நடுத்தாளை உருவி என் மெத்தைக்கு அடியில் வைத்தேன். தலையங்கமும் கட்டுரைகளும் அந்தத் தாளில்தான். "ஏஜென்ட் வைக்க மறந்துட்டாராம் அண்ணி" என்றேன். மறுநாளும் அதே பொய். நாலு நாள். எனக்கு முன்னால் அப்பா முழுப் பேப்பரையும் படித்துவிடுகிறார் என்பது அந்தப் பதற்றத்தில் புத்தியில் உறைக்கவே இல்லை.

உங்களுக்கு உறைத்தது. ஐந்தாம் நாள் மதியம் அப்பாவுக்கும் எனக்கும் சோறு போட்டுக்கொண்டே கேட்டீர்கள். "மாமா, நாலு நாளா நடுத்தாள் இல்லாமப் பேப்பர் வருதாம். நீங்க எப்படிப் படிக்கிறீக?"

அப்பா பிசைவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

"ஆமாத்தா, வரல" என்றார். "ஏஜென்டுகிட்டச் சொல்லணும்னுதான் இருக்கேன்."

காலையில் அந்தத் தாளைப் படித்த அதே மனிதர்.

நீங்கள் அவரையும் பார்த்தீர்கள், என்னையும் பார்த்தீர்கள். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு ரசச் சட்டியை எடுக்க உள்ளே போனீர்கள். அடுப்படியில் நீங்கள் தனியாக நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நினைத்தீர்கள் அண்ணி? ஏன் சண்டை போடவில்லை? போட்டிருந்தால் அழுதுகொண்டே தாள்களை எடுத்துக் கொடுத்திருப்பேன். இதுகூட எனக்கு வசதியான நினைப்புத்தானோ என்னவோ.

நான் ஒளித்து வைத்த தலையங்கங்களில் ஒன்றே தேர்வில் வந்தது. எனக்கு அது மனப்பாடம். உங்களுக்குப் புதிது. கொஞ்ச வித்தியாசத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று பள்ளியில் சொன்னார்கள். "நல்லாப் பாடம் எடு லூர்து" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேப்பரை விரித்து நான் பார்க்கவில்லை. அண்ணனிடம் வேலைப் பேச்சையும் எடுக்கவில்லை.

நேற்றுச் சாப்பாட்டில் உங்கள் மகள் ரோஸி, "அம்மா ஏன் அத்தை மாதிரி டீச்சராகல?" என்று கேட்டாள். அண்ணன் சொன்னார்: "ஒங்கம்மாவும் எழுதத்தான் செஞ்சா. அவளுக்கு அம்புட்டு அறிவு பத்தல." அப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பாவி, நானும் குனிந்துகொண்டேன். பிள்ளை அதை நம்பிவிட்டாள் அண்ணி. தலையை ஆட்டிக்கொண்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினாலும் சரி, அப்பா தலைகுனிந்தாலும் சரி. ரோஸியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு எல்லோர் காதிலும் விழச் சொல்வேன்: "ஒங்கம்மா தோக்கல தங்கம். அத்தைதான் அவுகளப் படிக்க விடல."

இது சத்தியம்.

உங்களை அண்ணி என்று கூப்பிட இன்னும் அருகதை இல்லாத
உங்கள் நாத்தனார்,
லூர்து