பாக்கி இருக்கும் பாடம்

காரைக்கால்

அன்புள்ள மகனுக்கு,

அம்மையார் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். உன்னை விட்டுவிட்டுத் தனியாக லீவுக்கு வந்திருக்கும் உன் மனைவி, மத்தியானங்களில் எனக்குப் பிரெஞ்சு சமையல் சொல்லித்தருகிறாள். முட்டை சேர்ப்பதையெல்லாம் கொல்லை அடுப்பில் செய்கிறோம். நான் ருசி பார்ப்பதில்லை, வாசனையிலேயே பதம் பிடித்துக்கொள்கிறேன். அளவுகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

எல்லாமே உனக்குப் பிடித்தவை.

"பாரிஸ்ல நீ செஞ்சு போடப் போறே, எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன்.

"அவர் இங்க தனியா வந்தாருன்னா நீங்க செஞ்சு குடுங்க அத்தை" என்றாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை, தம்பி. இன்னும் ஒரு பதார்த்தம்தான் பாக்கியாம். அது முடிந்ததும் கிளம்புகிறாளாம். நாளையிலிருந்து தலைவலி என்று படுத்துக்கொள்ளப் போகிறேன். சாமி மன்னிக்கட்டும். நான் எழுந்திருப்பதற்குள் நீ வந்துவிடு.

அம்மா