சிவப்பு வளைய நாரையும் பதினொரு பென்சில் வரிகளும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன். உன் அண்ணன் சமையலறைக் குழாயை ஒருவழியாக மாற்றிவிட்டான். குழாய் ரிப்பேர்க்காரர் இருபது வருஷமாக என்னைக் கேட்காமல் ஒரு திருகாணியைக் கழற்றியதில்லை, இந்த முறை நான் எதிரில் நிற்கும்போதே "சின்னம்மா என்ன சொல்றாங்க?" என்று உன் அண்ணியைத் தேடிக்கொண்டு போனார். அவளும், "அத்தை, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், குறை சொல்ல இடமில்லை, அதுதான் எரிச்சல்.

மாத முடிவில் உன் பேராசிரியரிடம் நாரை அறிக்கை கொடுக்க வேண்டும் என்றாயே, அதற்கு முன் இதைப் படி. இரண்டு வருஷத்துக்கு முன் நீ காலில் வளையம் மாட்டிவிட்டுப் போன நாரைகளைத் தினமும் காலையில் மாடியிலிருந்து பார்த்து, ஏரி மதகில் எது விரட்டியது, எது விலகியது என்று நோட்டில் குறித்து வருகிறேன் அல்லவா, மீன் வந்து விழும் அந்த இடம் இத்தனை நாளும் சிவப்பு வளையத்துக்குத்தான், அது தலையைத் திருப்பினாலே மற்றவை ஒதுங்கும். குழாய் மாற்றிய மறுநாள் மஞ்சள் வளையம், நீ வளையம் மாட்டியபோது கூட்டில் குஞ்சாக இருந்தது, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது, சிவப்பு ஒரு சத்தம்கூடப் போடாமல் நகர்ந்துகொண்டது. எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. "சிவப்பு விரட்டியது" என்று எழுதினேன். அப்படியே பதினொரு நாள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பக்கத்துப் பெண் காப்பி அடித்ததை எழுந்து நின்று காட்டிக்கொடுத்தவள் நான், என் யோக்கியதையைப் பார். அந்தப் பொய்யைப் பேனாவால் எழுதத் துணிவில்லை, நான் படமெடுத்து அனுப்பிய பக்கங்களில் மங்கலாக, பென்சிலில் இருப்பவை எல்லாம் பொய், மாற்றிக்கொள், மஞ்சள்தான் விரட்டியது. உன் பேராசிரியர் கேட்டால் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்று மழுப்பாதே, கண் நன்றாகத்தான் தெரிகிறது.

சிவப்பு பட்டினி கிடக்கவில்லை, மதகுக்கு நாலடி தள்ளி நிற்கிறது, மஞ்சள் தவறவிடுகிற மீன் அங்கே வருகிறது. உன் அண்ணி பார்த்து மாற்றிய குழாயும் ஒழுகவில்லை என்பதை உன்னிடம் சொல்லிவிடுகிறேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பல் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. கடவுள் துணையிருந்து உன்னைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு. இன்று காலை: சிவப்பு, இரண்டு முறை விலகியது. பேனாவால் எழுதியாயிற்று.