சிவக்காத மேப்பிள்

ஒக்டோபர், சனிக்கிழமை

இன்று மல்லிகா அக்காவிடம் பொய் சொன்னேன். வசந்தத்தில் என் மரக்கன்றுக் கடையில் அவருக்கு மேப்பிள் கன்றொன்று விற்றிருந்தேன். விதையில் முளைத்த கன்று சிவக்குமா, மஞ்சளாகுமா என்பது இலையுதிர் காலத்தில்தான் தெரியும். தெரிந்தும் செவ்விலைப் படமொன்றைக் கட்டி விற்றேன். படுக்கையிலிருக்கும் கணவர் யன்னலால் பார்க்கவென்றே அவர் வாங்கினார்.

“சிவக்கேல்லை தம்பி, மஞ்சளாகிக் கொட்டுண்டிட்டுது. நான்தான் தண்ணி கூட விட்டிட்டன் போல.”

“ஓம் அக்கா, தண்ணி கூடினா அப்பிடித்தான்” என்றேன், வாய் கூசாமல்.

“இவர் நாளுக்கு நாலுதரம் கேக்கிறார், எப்ப சிவக்குமெண்டு.”

அதற்குப் பிறகும் உண்மை வாயில் வரவில்லை. கடை முற்றத்தில் சிவந்து நின்ற மரத்தைக் காட்டினேன். பாதி விலைக்குத் தருகிறேன் என்றதும், “உமக்குப் புண்ணியம் தம்பி” என்றார். நாற்பது யூரோ, நாளை நானே கொண்டுபோய் நட்டுக் கொடுப்பதாகப் பேச்சு.