ஆடுற கல்லு

அன்பு மகனுக்கு,

முற்றத்துல நான் கல் பதிச்ச லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. இடுக்குல பூசினதெல்லாம் உதிர்ந்து, கல்லுங்க ஆட ஆரம்பிச்சிடுச்சு. கொத்தனாரைக் கூப்பிட்டு, எல்லா இடுக்கையும் சுரண்டிப் புதுக் கலவை அடைக்கச் சொன்னேன்.

வாசலை ஒட்டின கல்லுல அவர் கை வெச்சதும், படுக்கையில இருந்தே உங்கம்மா கத்தினா: "அதை மட்டும் விட்டுடுங்க! அது ஆடுற சத்தத்துலதான் அவன் வந்தது எனக்குத் தெரியும்."

கொத்தனார் என்னைப் பாத்தார். நான் கலவைச் சட்டியை அந்தக் கல்லுகிட்டேருந்து நகர்த்தி வெச்சேன்.

இப்ப யார் அதை மிதிச்சாலும், "வந்துட்டானா?"ன்னு தலையைத் தூக்கப் பாக்கறா. "நான்தான்"னு சொல்ல எனக்கு வாய் வரல. அதனால முட்டி வலியோட அந்தக் கல்லைத் தாண்டித்தான் போறேன்.

நீ தாண்டிடாதே. நல்லா மிதிச்சுட்டு உள்ளே வா.

உன் அப்பா